குழந்தைக்குச் செலவு: கடைக்கா, தாயின் தட்டுக்கா?

(துணை சுகாதார நிலையத்தில் கருவுற்ற தாய்மார்களும் அவர்களுடைய கணவன்மார்களும் கூடியிருந்தபோது பேசியது)



வாசலோரம் நிற்கிற ஆண்கள் கொஞ்சம் உள்ளே வந்து உட்காருங்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கிற இடத்தில் நமக்கென்ன வேலை என்று நினைக்க வேண்டாம். இன்றைக்குப் பேசப் போவது பணத்தைப் பற்றி. பிள்ளை பிறந்தால் வீட்டுக்கு என்ன செலவு வரும், அதில் எது தேவை, எது வீண் என்பதைப் பற்றி. அது உங்களுக்கும் சேர்த்துத்தானே?

வீட்டில் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததுமே ஒரு பட்டியல் உருவாகிவிடுகிறது. பால்புட்டி, புட்டி கழுவுகிற பிரஷ், பால் பவுடர் டப்பா, டயப்பர், பேபி சோப்பு, பேபி எண்ணெய், பேபி பவுடர், கிரைப் வாட்டர், குடை மாதிரி விரிகிற கொசுவலை, சக்கரம் வைத்த வண்டி. போன தடவை பக்கத்து வீட்டில் வாங்கினார்களே, நாம் வாங்காவிட்டால் ஊர் என்ன சொல்லும்! நம்ம தர்மபுரிப் பக்கத்தில் எத்தனையோ குடும்பத்தில் தகப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் பஸ்ஸை விட்டு இறங்குகிறபோது கையில் ஒரு பை. பையில் டப்பாவும் டயப்பர் பொட்டலமும். பிள்ளைமேல் இருக்கிற ஆசையை அவன் வேறு எப்படிக் காட்டுவான்? அந்த ஆசையை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பையில் இருக்கிற பொருள் பிள்ளைக்கு நல்லது செய்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்கணும்.

இந்தப் பட்டியலில் சோப்பும் எண்ணெயும் சில்லறைச் செலவு. குடும்பத்தைச் சாய்க்கிற செலவு இரண்டே இரண்டு. ஒன்று டப்பாப் பால், இன்னொன்று டயப்பர். இந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பேசலாம்.

முதலில் டப்பா. கணக்குப் போட்டுப் பாருங்கள். தாய்ப்பால் இல்லாமல் பவுடரையே நம்பி வளர்கிற குழந்தைக்கு முதல் ஆறு மாதத்தில் ஏறக்குறைய 20 கிலோ பவுடர் வேண்டும். 400 கிராம் பெட்டி என்றால் 50 பெட்டி. பெட்டி 400 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 20,000 ரூபாய். புட்டி, ரப்பர் காம்பு, வெந்நீர் வைக்கிற அடுப்புச் செலவு எல்லாம் தனி.

கூலி வேலைக்குப் போகிற வீட்டில் இருபதாயிரத்துக்கு எங்கே போவது? அங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. முதல் பெட்டியை அளவுப்படி கலக்குகிறோம். இரண்டாவது பெட்டியைப் பத்து நாள் ஓட்டப் பார்க்கிறோம். நாலு கரண்டி போடுகிற இடத்தில் இரண்டு கரண்டி, மிச்சத்துக்குத் தண்ணீர். புட்டி நிறைகிறது, பிள்ளை வயிறும் நிறைகிறது, அழுகை நிற்கிறது. ஆனால் உள்ளே போனது வெள்ளைத் தண்ணீர். பிள்ளை இளைக்கிறது. புட்டியின் ரப்பர் மடிப்பில் ஒட்டிக்கொண்ட பழைய பாலில் கிருமி வளர்ந்து வயிற்றுப்போக்கு வருகிறது. அப்புறம் டாக்டர், ஊசி, ஆட்டோ, ஆஸ்பத்திரியில் நாலு நாள், அந்த நாலு நாள் கூலி போச்சு. காதில் கிடக்கிறது அடகுக் கடைக்குப் போகிறது. டப்பாவுக்கு ஆகிற செலவு டப்பாவோடு நிற்பதே இல்லை.

நான் எடை பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பிறக்கும்போது 2 கிலோ 800 கிராம். மூன்று மாதம் முடிந்து தடுப்பூசிக்குக் கொண்டு வந்தபோது 3 கிலோ 400. அந்த வயசில் 5 கிலோவை ஒட்டி இருந்திருக்க வேண்டிய பிள்ளை. தாய்க்குப் பால் இல்லையா என்றால், இருந்தது. பிறந்த இரண்டாம் நாளே, “பிள்ளை அழுவுது, பால் பத்தலை” என்று வீட்டில் முடிவு செய்து டப்பா வந்துவிட்டது. அதற்கப்புறம் தாய் மடியில் பிள்ளை சப்புவது குறைந்தது, பாலும் குறைந்தது. அந்தத் தாய்க்கு நாங்கள் புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. பகலும் இரவுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பிள்ளையை மார்பில் போடச் சொன்னோம். டப்பாப் பாலை அளவுப்படி கலந்து, புட்டி இல்லாமல் பாலாடையில் கொடுத்து, வாரத்துக்கு இரண்டு தரம் எடை பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். மூன்று வாரத்தில் டப்பா தேவைப்படவில்லை. அந்த மூன்று வாரமும் வீட்டு வேலையை மாமியார் ஏற்றுக்கொண்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த அம்மா ஏற்றுக்கொள்ளாவிட்டால் எங்கள் புத்திமதியால் ஒன்றும் ஆகியிருக்காது.

இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். தாய்ப்பாலுக்கும் அதேதான் கணக்கு. பிள்ளை எத்தனைக்கு எத்தனை சப்புகிறதோ அத்தனைக்கு அத்தனை சுரக்கும். நடுவில் சர்க்கரைத் தண்ணீர், டப்பாப் பால் என்று கொடுத்தால் பிள்ளைக்குப் பசி மந்தமாகிறது, சப்புவது குறைகிறது, மார்பும் சுரப்பைக் குறைத்துக்கொள்கிறது. “பால் பத்தலை” என்று முதலில் சொன்னது பொய். பத்து நாள் கழித்து அது மெய்யாகிவிடுகிறது.

அதனால் முதல் மூன்று நாள்தான் ஜாக்கிரதையாக இருக்கணும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாய் மார்பில் போட்டுவிடுங்கள். மஞ்சளாகக் கெட்டியாக வருகிற சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். அது பிள்ளைக்கு முதல் தடுப்பூசி மாதிரி. கொஞ்சமாகத்தான் வரும், பிறந்த பிள்ளையின் வயிறும் அத்தனை சிறியதுதான், சில தேக்கரண்டி போதும். மூன்றாம் நாளை ஒட்டி மார்பு கட்டிப் பால் இறங்கும். அதுவரைக்கும் பொறுக்க முடியாமல்தான் வீட்டுக்கு வீடு டப்பா நுழைகிறது. சேனை வைக்கிறேன் என்று தேனோ சர்க்கரையோ கழுதைப் பாலோ நாக்கில் தொட்டு வைப்பதும் வேண்டாம். தேன் ஒரு வயசு வரைக்குமே ஆகாது. நல்ல குணம் வரவேண்டும் என்று பெரியவர் ஒருவர் கையால் சேனை வைக்க ஆசைப்பட்டால், அவரையே பிள்ளையை மடியில் வாங்கி ஆசீர்வாதம் பண்ணச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் செய்து பிறந்தாலும் பால் கொடுக்கலாம். தாய் ஒருக்களித்துப் படுத்தபடி கொடுக்க நர்ஸ் சொல்லித் தருவார்.

பால் பத்துகிறதா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அழுகையை வைத்துச் சொல்லக்கூடாது. பிள்ளை சூட்டுக்கும் அழும், ஈரத்துக்கும் அழும், தூக்கத்துக்கும் அழும், சாயங்காலமானால் காரணமே இல்லாமலும் அழும். ஒரு வாரம் ஆன பிள்ளை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போனால் பால் பத்துகிறது என்று அர்த்தம். பிறந்ததும் முதல் சில நாள் எடை கொஞ்சம் குறையும்; இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் தொட்டுவிடும். ஐந்தாம் மாதத்தில் பிறந்த எடை போல் இரண்டு பங்கு, ஒரு வருஷத்தில் மூன்று பங்கு. எடை பார்க்கிற தராசு அங்கன்வாடியில் இருக்கிறது, இங்கே இருக்கிறது. காசு கிடையாது. டப்பா வாங்குவதற்கு முன்னால் தராசைக் கேளுங்கள். எடை ஏறவில்லை என்றால் நர்சம்மாவிடம் காட்டுங்கள்; பிள்ளை மார்பைப் பிடிக்கிற விதத்தில் கோளாறு இருக்கலாம், சரிசெய்துவிடலாம். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். தண்ணீர்கூட வேண்டாம், நம்ம சித்திரை வெயிலிலும் வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

நிஜமாகவே டப்பாப் பால் தேவைப்படுகிற பிள்ளைகளும் உண்டு. தாய் இல்லாத பிள்ளை, தாய்க்குக் கடுமையான சிகிச்சை நடக்கிற பிள்ளை. அவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பார், கலக்கும் முறையைச் சொல்வார். அந்த வீட்டாரை யாரும் குறைவாகப் பேச வேண்டாம். மற்றபடி, கடைக்காரரோ வேறு யாரோ வந்து “இந்த டப்பா சாம்பிள், சும்மா வைத்துக்கொள்ளுங்கள்” என்று நீட்டினால் வாங்காதீர்கள். அப்படிக் கொடுப்பது சட்டப்படி குற்றம். இதற்கென்றே 1992-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 2003-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். இரண்டு வயசு வரையிலான பிள்ளைகளுக்கான டப்பா உணவுக்கும் பால்புட்டிக்கும் விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக்கூடாது. சும்மா கிடைக்கிற முதல் டப்பாதான் மிச்சம் 49 டப்பாவையும் வாங்க வைக்கிறது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

சரி, அந்த இருபதாயிரம் மிச்சம். அதை என்ன செய்யலாம்? ஆறு மாதம் என்பது 180 நாள். நாளுக்கு 110 ரூபாய் வருகிறது. இதிலே பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்துத் தாயின் தட்டில் போடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். அரை லிட்டர் பால், இரண்டு முட்டை, ஒரு பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம். சந்தை விலையில் அறுபது எழுபது ரூபாய்க்குள் அடங்கிவிடும். முருங்கைக்கீரைக்குக் காசு உண்டா? கொல்லையில் நிற்கிற மரம். ராகிக் களிக்கும் அவரைப் பருப்புக்கும் நம்ம சீமையில் பஞ்சமா? பால் கொடுக்கிற தாய்க்கு மற்ற நாளை விடத் தினம் 600 கலோரி கூடுதலாக வேண்டும். சோற்றுக் கணக்கில் சொன்னால், இன்னும் ஒரு வேளைச் சாப்பாடு.

ஆனால் நம்ம வீடுகளில் நடப்பது தலைகீழ். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம்! கீரை ஆகாது, பிள்ளைக்கு வயிற்றாலே போகும், முட்டை மாந்தம், பழம் சளி, தண்ணீர் நிறையக் குடித்தால் வயிறு பெருக்கும். பெற்றவளைப் பட்டினி போட்டுவிட்டுப் பால் பத்தலை என்று டப்பாவுக்கு அலைகிறோம். கறக்கிற மாட்டுக்குப் புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் கேட்காமலே வைக்கிறோமே ஐயா, இவளுக்குத்தானா பத்தியம்? பூண்டுக் குழம்பு, கருவாடு, சுக்கு, இதெல்லாம் பத்தியச் சாப்பாட்டில் உள்ள நல்லவை, தாராளமாகக் கொடுங்கள். தடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும். எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கத்தை இந்த ஆறு மாதத்துக்காவது நிறுத்துங்கள்.

சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை, கோபித்துக்கொள்ளக்கூடாது. வேலை அலுப்பு என்று நீங்கள் ஒரு சாயங்காலம் வாங்குகிற குவார்ட்டர் இருக்கிறதே, அந்தக் காசில் உங்கள் மனைவிக்கு இரண்டு நாள் பாலும் முட்டையும் வந்துவிடும். பெங்களூரிலிருந்து வரும்போது பையில் டப்பாவுக்குப் பதில் நிலக்கடலையும் பேரீச்சம்பழமும் இருக்கட்டும். அது போகிற இடம் பிள்ளை வயிறுதான், தாய் வழியாக.

இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிடணும். இங்கே இலவசம். மருந்துக் கடையில் டானிக் பாட்டில் வாங்கிச் செலவு செய்ய வேண்டாம். அங்கன்வாடியில் பால் கொடுக்கிற தாய்க்குச் சத்துமாவு தருகிறார்கள். அதை மாட்டுக்குக் கரைக்கிற வீடுகள் எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை!

இனிப் பால் கொடுக்கிற தாய்க்கென்று கடையில் விற்கிற சாமான்கள். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை நம்மிடம் எப்போதும் இருக்கிறது, அதுவே போதும். பால் கசிந்து சேலை நனைந்தால் சுத்தமான பருத்தித் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்து, நனைய நனைய மாற்றிக்கொள்ளுங்கள். மார்பு கட்டி வலித்தால் வெந்நீரில் பிழிந்த துணியை வைத்து ஒற்றி, பிள்ளையை அடிக்கடி போடுங்கள். மிச்சத்தைக் கையால் பீய்ச்சிவிடலாம். காம்பில் வெடிப்பு வந்தால் களிம்பு வாங்க ஓட வேண்டாம். பால் கொடுத்து முடித்தபின் வருகிற கடைசிப் பாலையே தடவிக் காற்றாட விடுங்கள். பிள்ளை காம்பை மட்டும் கவ்வாமல், சுற்றியுள்ள கறுத்த பகுதியையும் சேர்த்துக் கவ்வுகிறதா என்று பாருங்கள். வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். காய்ச்சலோடு மார்பு சிவந்து வலித்தால் மட்டும் தாமதிக்காமல் இங்கே வரணும்.

வேலைக்குப் போக வேண்டியிருக்கிறதா? பீய்ச்சுகிற மெஷின் இல்லாமலே பாலை எடுத்து வைக்கலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்க வைத்து ஆறிய எவர்சில்வர் டம்ளரில் கையால் பீய்ச்சி மூடி வையுங்கள். நம்ம வெயிலுக்கு நாலு மணி நேரம் கெடாது. காய்ச்ச வேண்டாம். பாட்டி அதைப் பாலாடையிலோ கரண்டியிலோ கொடுக்கட்டும். கழுவுவதற்குச் சுலபமானது பாலாடை. புட்டியைப் போல மூலை முடுக்கு கிடையாது. பழகுவதற்கு இரண்டு நாள் ஆகும், அவ்வளவுதான். வெளியூர் போகிறபோது வெட்கப்பட்டுக்கொண்டு புட்டி எடுத்துப் போகிறவர்களும் உண்டு. பல பேருந்து நிலையங்களில் 2015-ஆம் ஆண்டு முதல் பாலூட்டும் அறை திறந்திருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள். அறை இல்லாத இடத்தில் முந்தானை இருக்கிறது.

அடுத்து டயப்பர். ஒன்று 10 ரூபாய், நாளுக்கு ஆறு என்றால் 60, மாதத்துக்கு 1,800. வருஷத்துக்கு 21,600 ரூபாய். மூத்திரத்துக்கு இத்தனை பணமா! நம்ம வழக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் பழைய துணிதான் முதலில் போடுவோம். புதுத்துணியைப் பிறக்கும் முன்னே வாங்கி வைக்க மாட்டோம். எத்தனையோ வழக்கத்தை மாற்றச் சொல்கிறோம், இது மாற்றக்கூடாத வழக்கம். பல தடவை துவைத்த பருத்தித் துணி போல மெத்தென்றது கடையில் கிடைக்காது. எட்டு முழ வேட்டி ஒன்றை முழத்துக்கு ஒன்றாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் நடுவில் இரண்டாக்கினால் பதினாறு துண்டு. இரண்டு வேட்டி இருந்தால் முப்பத்திரண்டு. மழை நாளுக்கும் தாங்கும். கோமணம் போலக் கட்டலாம், முக்கோணமாக மடித்து இடுப்பில் முடியலாம். ஊக்கு வேண்டாம். அழுக்குத் துணியைத் தனியாக அலசி, சோப்புப் போட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். கூச்சப்பட்டுக்கொண்டு மற்றத் துணிக்கு அடியில் மறைத்துக் காயப் போடுவதால்தான் துணியில் ஈர வாடையும் பிள்ளைக்குத் தொடையில் புண்ணும் வருகின்றன. இந்தத் துணி துவைக்கிற வேலையைத் தகப்பன்மார் எடுத்துக்கொண்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் 1,800 ரூபாய் மிச்சம்.

பஸ்ஸில் போகும்போது, கல்யாண வீட்டுக்குப் போகும்போது ஒரு டயப்பர் மாட்டினால் தப்பில்லை. நனைந்ததும் மாற்றிவிடணும். காலையில் மாட்டியதைக் காசுக்குப் பயந்து ராத்திரி வரை வைத்திருப்பதுதான் ஆகாது. கழற்றியதை ஏரியில் வீசாதீர்கள்.

துணி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு எடுத்து வைத்த துணியை அப்படியே பிள்ளைக்குச் சுற்றாதீர்கள். சில குழந்தைகளுக்கு அந்த வாடையே ரத்தத்தைக் கெடுத்துக் கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டு வந்துவிடும். துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டு வாடை போன பிறகு எடுங்கள். இனிமேல் எடுத்து வைக்கும்போது காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள். பாச்சை உருண்டை பிள்ளைத் துணிப் பெட்டிக்கே வேண்டாம்.

மற்றச் சில்லறைச் சாமான்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தேய்த்து விடத் தேங்காய் எண்ணெய் போதும். காதிலும் மூக்கிலும் விட வேண்டாம். சளி எடுக்கிறேன் என்று தொண்டையில் விரல் விடவும் வேண்டாம். பவுடர் மூச்சில் போய் நெஞ்சைக் கெடுக்கும். மை கண்ணுக்குள் வேண்டாம், திருஷ்டிக்குக் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொப்புளில் ஒன்றும் தடவாமல் காய விட்டால் தானே விழும். கிரைப் வாட்டருக்குப் பதில், பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். சக்கர வண்டியில் உட்கார வைத்தால் சீக்கிரம் நடக்கும் என்பது வெறும் பேச்சு. வாசற்படியில் அது உருண்டு மண்டை உடைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். தச்சர் செய்து தருகிற மர நடைவண்டி, பிள்ளை தானாக எழுந்து நிற்கிற வயசில் நல்லது. அது மூத்ததுக்கு வாங்கியதே இளையதுக்கும் ஆகும். தூளிக்குப் பருத்திச் சேலை எடுங்கள். நைலான் சேலையில் முடிச்சு நழுவும்.

காசு கொடுக்காமல் கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்குவதும் ஒரு வீண் செலவுதானே? அரசு மருத்துவமனையில் பிரசவம், ஆபரேஷன் ஆனாலும்கூட, இலவசம். மருந்தும் சாப்பாடும் வீடு கொண்டு வந்து விடுகிற வண்டியும் இலவசம். 2011-ஆம் ஆண்டு முதல் இது தாயின் உரிமையாகவே இருக்கிறது. வலி வந்தால் 108. தடுப்பூசி எல்லாமே இங்கே புதன்கிழமைகளில் இலவசம். தனியாரிடம் ஆயிரக்கணக்கில் கேட்கிற நிமோனியாத் தடுப்பூசியும் அதில் அடக்கம். கரு உண்டான 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து எண் வாங்கிவிடுங்கள். அந்த எண் இல்லாமல் உதவித்தொகை நகராது.

உதவித்தொகை என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டம். 1927-இல் சென்னை மாகாணச் சட்ட மன்றத்துக்குள் போன முதல் பெண்மணி அவர். அவர் பெயரில் 1987-இல் தொடங்கியது இத்திட்டம். 2018 முதல் இது 18,000 ரூபாய் மதிப்புள்ளது. அதில் 14,000 தவணை தவணையாக வங்கிக் கணக்கில் விழும். 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். முதல் இரண்டு பிரசவத்துக்குத்தான் கிடைக்கும். கணக்கு தாயின் பெயரில் இருக்கணும். இந்தப் பணம் எதற்கு வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். கடைசி மாதங்களிலும் பிரசவமான புதிதிலும் அவள் கூலிக்குப் போக முடியாது, அந்த நாளில் நன்றாகச் சாப்பிடட்டும் என்று வருகிறது. அது பெயர் வைக்கிற விருந்துக்கும் வாசல் பந்தலுக்கும் போனால் என்ன நியாயம்? பெட்டகத்தில் உள்ள நெய்யையும் பேரீச்சம்பழத்தையும் வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வதும் நடக்கிறது. கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பிறந்த பிள்ளைக்குத் துண்டு, சட்டை, கொசுவலை, சோப்பு எல்லாம் வைத்துக் குழந்தைகள் நலப் பெட்டகம் கொடுக்கும் வழக்கம் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது. பிரசவத்துக்குச் சேரும்போதே என்னென்ன கொடுப்பார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மிச்சத்தை மட்டும் வாங்குங்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சோறு பழக்கணும். அப்போது இன்னொரு டப்பா வந்து நிற்கும், மாவு டப்பா. ராகியை ஊற வைத்து முளைகட்டி, காய வைத்து வறுத்து அரைத்தால் அந்த டப்பாவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். முளைகட்டிய ராகிக் கஞ்சி லேசாகச் சீரணிக்கும். சோற்றையும் பருப்பையும் குழைய மசித்து ஒரு சொட்டு நெய், மசித்த வாழைப்பழம், இட்லி, வேகவைத்த முட்டை. ஒரு வயசு வரைக்கும் உப்பும் சர்க்கரையும் வேண்டாம். ரசத் தெளிவையும் கஞ்சித் தண்ணீரையும் மட்டும் ஊற்றி வளர்க்காதீர்கள். கரண்டியைச் சாய்த்தால் வழுக்கி ஓடாத பதத்தில் இருக்கணும். தாய்ப்பாலை இரண்டு வயசு வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பெண் பிள்ளை பிறந்த வீடுகளில் சீக்கிரமே பால் மறக்கடித்துவிட்டு, அடுத்தது ஆணாக இருக்கட்டும் என்று அவசரப்படுகிறார்கள். இங்கேதான் எல்லாக் கணக்கும் தவறிப் போகிறது. கைப்பிள்ளைக்கு ஒரு வயசு முடியும் முன்னே வயிற்றில் ஒன்று என்றால் இரண்டுக்கும் பால் குறையும், தாய்க்கு ரத்தம் குறையும், கோமணத் துணியும் மருந்துச் செலவும் இரட்டிக்கும். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் நடுவில் மூன்று வருஷமாவது இருந்தால், மூத்தது இரண்டு வயசு வரை பால் குடிக்கும். அதன் சட்டை, தூளி, நடைவண்டி எல்லாம் அடுத்ததுக்குத் தயாராக இருக்கும்.

பிள்ளை பால் குடிக்கிற காலத்தில் கரு தங்காது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்கு ஆறு மாதத்துக்குள் இருக்கணும், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கணும், இன்னும் தீட்டு வந்திருக்கக்கூடாது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது காப்பு. ஒன்று தவறினாலும் காப்பு இல்லை. ஆகவே இப்போதே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் உறை பயன்படுத்தலாம். பெண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடுகிற அந்தரா ஊசி இருக்கிறது. பால் கொடுக்கிறவர்கள் பிரசவமாகி ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். எல்லாமே இலவசம்.

பிரசவமான 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனையிலேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளவும் வசதி இருக்கிறது. அப்போதே வைத்துவிட்டால் இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அதற்காக வர வேண்டியதில்லை. அதை வைத்துக்கொண்டால் பால் வற்றிவிடும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். வற்றாது. அதில் மருந்து ஒன்றும் இல்லை, தாமிரக் கம்பிதான். அடுத்த பிள்ளை வேண்டும் என்று இருவரும் முடிவு செய்கிற நாளில் இங்கே வந்தால் எடுத்துவிடுவார்கள். அதற்கும் காசு கிடையாது.